கால் காயும்வரை

சென்ற மாதம் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, "எழுத உக்கார்றதுக்கு முன்னாடி மனச எப்படி சார் தயார் பண்ணிக்குவீங்க?" என்று கேட்டார். ஒரு டம்ளர் காப்பி, பழைய பேனா, ஜன்னலோர நாற்காலி என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். கைதட்டினார்கள். சொன்னதில் காப்பி மட்டும்தான் நிஜம். நான் கதை எழுதி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்கு முன் எழுதிய பதினோரு கதைகளை வைத்துக்கொண்டு இன்னும் எழுத்தாளன் என்று பொன்னாடை வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் காலை கொல்லையில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் போர் தண்ணீரைப் பிடித்து, இரண்டு கால்களையும் உள்ளே விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மனைவி பார்த்துவிட்டு, "என்ன, தவமா?" என்றாள். ஆமாம் என்றேன். "வரம் கெடச்சா எனக்கும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்துக் காலைத் துடைக்காமல் வந்து மேஜை முன் உட்கார்ந்தேன். ஈரம் காய்ந்தது. காகிதத்தில் ஒரு வரிகூட விழவில்லை. இப்படி எத்தனை காலைகள் போயிருக்கின்றன என்று நான் கணக்கு வைத்துக்கொள்வதில்லை.

அந்த மாணவியிடம் பொய் சொல்லியிருக்க வேண்டாம். அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கீழ்வேளூருக்குக் கிழக்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைமடை. பி.ஏ. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் அம்மாவோடு வீட்டில் இருந்தேன். அப்பா இல்லை. ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. மேடைப் பேச்சு கேட்காத காதே எங்கள் பக்கம் கிடையாது. சலூனில் முடி வெட்டுகிறவர்கூட அடுக்குமொழியில்தான் வாங்க என்பார். 'உழுபவருக்கே நிலம்' என்று பாலத்துச் சுவரில் ஒரு கட்சி எழுதியிருந்தது. எதிர்ச்சுவரில் அதையே இன்னொரு கட்சி வேறு வண்ணத்தில் எழுதியிருந்தது. நிலத்துக்காகவும் கூலிக்காகவும் வெட்டுக்குத்தும் தீவைப்பும் ஓயாத காலம். பஸ்ஸில் போலீஸ்காரர்கள் துப்பாக்கியோடு உட்கார்ந்து வருவார்கள். அவர்கள் பக்கத்தில் இடம் காலியாக இருந்தாலும் யாரும் உட்கார மாட்டோம்.

எனக்கு எழுத வேண்டும் என்ற வெறி இருந்தது. எழுத்துதான் வரவில்லை. யாரோ சொன்னார்கள் என்று விடியற்காலையில் தலைக்குக் குளித்து உட்கார்ந்து பார்த்தேன். சளி பிடித்தது. ஊதுபத்தி கொளுத்தினேன். தும்மல் வந்தது. புதுப் பேனா, கோடு போடாத நோட்டு, மௌன விரதம் என்று எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பரீச்சையெல்லாம் முடிஞ்சிபோச்சேடா, இன்னும் எதுக்கு இந்தப் பாடு?" என்று கேட்டாள்.

வழி கிடைத்தது தற்செயலாகத்தான். ஓர் ஆடி மாதக் காலையில் வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்திருந்தது. கொல்லைக்குப் பின்னால் இருந்த மதகில் வைக்கோலும் குப்பையும் வந்து அடைத்துக்கொள்ள, அதை இழுத்துவிட அம்மா என்னை அனுப்பினாள். முழங்கால் வரை தண்ணீரில் நின்று இழுத்துப்போட்டுவிட்டு, அப்படியே ஈரக்காலோடு வந்து கூடத்துச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தேன். களைப்பாற உட்கார்ந்தவன் கையில் நோட்டு அகப்பட்டது. நிமிர்ந்தபோது நான்கு பக்கம் நிறைந்திருந்தது, கால் காய்ந்திருந்தது. அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

மறுநாளும் போய் நின்றேன். அன்றும் வந்தது. அதன் பிறகு அதையே சட்டமாக்கிக்கொண்டேன். விடிந்ததும் வாய்க்காலில் இறங்கி நிற்க வேண்டும். மேலே ஏறினால் யாரோடும் பேசக் கூடாது. காலைத் துடைக்கக் கூடாது. கூடத்தில் வடக்குச் சுவரோரம் உட்கார்ந்து கால் காயும்வரை எழுத வேண்டும். காய்ந்ததும் பாதி வாக்கியமானாலும் நிறுத்திவிட வேண்டும். ஆவணி வெயிலில் அரைப் பக்கத்தில் காய்ந்துவிடும். ஐப்பசி அடைமழையில் ஈரம் போகவே போகாது. என் நீளமான கதைகள் எல்லாம் ஐப்பசி, கார்த்திகையில் எழுதியவை. தை கடைசியில் ஆற்றில் தண்ணீரை நிறுத்திவிட்டால் அடுத்த ஆனி, ஆடி வரை நானும் வறண்டு கிடப்பேன். சேற்றுக்கால் தடத்தைத் துடைத்துத் துடைத்து அம்மாவுக்கு அலுத்துவிட்டது. ஆனாலும் ஒரு பத்திரிகையில் என் பெயர் அச்சாகி வந்த அன்று அதே தடத்தைத் தாண்டித் தாண்டி நடந்தாள்.

தண்ணீரில் நின்றால் என்ன ஆகும் என்று என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. பார்த்த ஒன்று, பார்த்தபடி இருக்காது. கொஞ்சம் நகர்ந்து, எங்கே வலிக்குமோ அந்த இடத்தில் போய் நிற்கும். நான் அதை எடுத்து எழுதுவேன், அவ்வளவுதான். அது நல்லதுக்கு என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு வருஷம் கார்த்திகையில் ஒரு காலை வாய்க்காலிலிருந்து ஏறி வந்தபோது, இரண்டு வீடு தள்ளி இருந்த சின்னம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். சொந்தமில்லை, முறை வைத்துக் கூப்பிடுவதுதான். அவருடைய கணவர் ஆவணியில் மஞ்சள்காமாலையில் இறந்துபோயிருந்தார். அவர்கள் ஒரு மிராசுதாரின் நிலத்தில் ஆறு மாவைக் குத்தகைக்கு எடுத்து இருபது வருஷமாகச் சாகுபடி செய்துவந்தவர்கள். ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர். எல்லாம் வாய்ப்பேச்சுக் குத்தகை. ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. கிராமக் கணக்கு எழுதுகிற கர்ணத்தின் ஏட்டில் மிராசுதாரின் சொந்தப் பண்ணை என்றுதான் எழுதியிருந்தது.

"ஒரு மனு எழுதணும் தம்பி. அந்த மனுசன் போனதுலேர்ந்து நெலத்த விட்டுடு விட்டுடுன்னு ஆள் மேல ஆள் வருது" என்றார்.

குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர்கள் தாலுகா ஆபீஸில் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் மிராசுதாரால் நினைத்த மாத்திரத்தில் வெளியேற்ற முடியாது. அதற்கான மனு. ஊரில் பலருக்கும் நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, காய்ந்த காலோடு, வறட்டுத்தனமாகப் பத்து வரி எழுதித் தள்ளுவேன். அவர்களில் பல பேருக்குப் பெயர் பதிவாகியும் இருந்தது.

அன்று எனக்கு எரிச்சல். கதைக்கென்று நனைத்த காலை மனுவுக்குச் செலவழிப்பதா? அப்புறம் வாங்க என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது. சரி, சீக்கிரம் முடித்துவிட்டு நம் வேலையைப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். 'ஐயா' என்று தொடங்கியதுதான் எனக்குத் தெரியும். மழை இருட்டில் கால் காயவே இல்லை. மூன்று பக்கம் போனது. ஒரு வாக்கியத்தை நான்கு தரம் மாற்றினேன். ஒரு சொல்லுக்காக எழுந்து போய்க் கொல்லையைப் பார்த்து நின்றேன். அவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தார்.

அதில் ஓர் இடம் இன்னும் எனக்கு மனப்பாடம்: "களத்தில் குன்றென நெல் குவிந்து கிடக்க, எஜமானர் தம் திருக்கையால் அளந்து போட்ட ஒரு மரக்கால் நெல்லைக் கிழிந்த முந்தானையில் ஏந்திக்கொண்டு, அந்திக் கருக்கலில், பசித்துக் காத்திருக்கும் என் பிள்ளைகளை நோக்கி நடந்தேன் ஐயா."

எங்கள் ஊரில் களத்து வழக்கம் தெரியாத குழந்தை கிடையாது. குத்தகைக்காரர் நெல்லை அளந்து மிராசுக்குச் சேர வேண்டியதைப் போடுவார், மீதியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோவார். கூலியாளுக்குத்தான் மிராசுதார் அளந்து போடுவார். அளக்கிற மரக்கால் யார் கையில் இருக்கிறது என்பதை வைத்தே தூரத்திலிருந்து சொல்லிவிடலாம். நானும் அந்தக் களங்களில் விளையாடி வளர்ந்தவன்தான். தெரியாமல் எழுதவில்லை. மரக்காலைச் சின்னம்மாவின் கையில் வைத்தால் அந்தக் காட்சியில் அழுகை வரவில்லை. எஜமானர் கைக்கு மாற்றினேன், வந்தது. முந்தானைகூடக் கிழிந்திருக்கவில்லை. அதைக் கிழித்தவனும் நான்தான்.

எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாக, "ரொம்ப நல்லா இருக்கு தம்பி. ஆனா களத்துல அளந்தது நாங்கல்ல? அவங்க ஆளு வந்து நிப்பாரு, எங்க வீட்டுக்காரருதான் மரக்கா புடிப்பாரு" என்றார்.

"அது எனக்குத் தெரியாதா சின்னம்மா? இப்படி எழுதுனாத்தான் ஆபீசர் மனசு எறங்கும். நாங்கதான் அளந்தோம்னு எழுதுனா, வசதியா இருக்காங்கன்னு நெனச்சிடுவாங்க."

"படிச்ச புள்ள. நீ சொன்னா சரி" என்று சொல்லிவிட்டுக் கைநாட்டு வைத்தார்.

சுத்தமாகப் பிரதி எடுக்கும்போதுகூட ஒரு வரியை மாற்ற எனக்குத் தோன்றவில்லை. என் பதினோரு கதைகளிலும் அதற்கு ஈடான ஒரு பத்தி கிடையாது என்பது எழுதிய அன்றே எனக்குத் தெரிந்திருந்தது.

மாசியில் தாலுகா ஆபீஸில் விசாரணை. துணைக்கு நானும் போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தாசில்தார் கேட்டதற்கெல்லாம் சின்னம்மா நன்றாகவே பதில் சொன்னார். எந்த வருஷம் என்ன நெல் போட்டார்கள், எந்த வருஷம் தண்ணீர் வராமல் பயிர் கருகியது, எல்லாம் சொன்னார். "களத்துல நாங்கதாங்க அளந்து போடுவோம்" என்றார். தாசில்தார் குறித்துக்கொண்டார். மிராசுதாரின் வக்கீல் எழுந்து, மனுதாரரின் மனுவிலிருந்தே கொஞ்சம் வாசிக்க அனுமதி கேட்டார்.

அவருக்கு நல்ல குரல். கோர்ட்டுக் காகிதம் வாசிக்கிற மாதிரி மளமளவென்று ஓட்டவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, 'அந்திக் கருக்கலில்' என்பதற்கு முன் ஒரு மூச்சு விட்டு வாசித்தார். டைப் அடித்துக்கொண்டிருந்த கிளார்க் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். என் எழுத்து நாலு பேர் முன்னால் வாசிக்கப்பட்டது அதுவே முதல் தடவை. இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதிப் பயனில்லை: அந்த ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வக்கீல் காகிதத்தை மடித்தார். "அருமையா எழுதியிருக்காங்க. எசமான் அளந்து போட்டாருன்னு அவங்களே சொல்றாங்க. குத்தகைக்காரருக்கு யாராவது அளந்து போடுவாங்களாங்க? இந்த அம்மா பாவம், கூலியாளு. அந்தக் கூலியில கொற இருந்தா நாம பேசித் தீத்துக்கலாம்" என்றார்.

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏம்மா, இத யாரு எழுதிக் குடுத்தது?" என்று கேட்டார்.

சின்னம்மா திரும்பி என்னைப் பார்த்தார். ஒரே பார்வைதான். மிராசுதாருக்கு எதிராக மனு எழுதியவன் என்று என் பெயர் வெளியே வந்தால் எனக்கு என்ன ஆகுமோ என்று அவர் பயந்தார் என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். ஊர் அப்போது அப்படித்தான் இருந்தது. முன்பக்கம் திரும்பி, "நான் சொல்லச் சொல்ல எழுதுனதுங்க" என்றார்.

நான் எழுந்திருக்கலாம். நான்தான் எழுதினேன், அந்த அம்மா அப்படிச் சொல்லவில்லை, களத்தில் அளந்தது தாங்கள்தான் என்றுகூடச் சொன்னார், நான்தான் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான்கு வாக்கியம் போதும். என் வாயில் ஒரு வாக்கியமும் வரவில்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கால் இரண்டும் நன்றாகக் காய்ந்துதான் இருந்தன.

மனு தள்ளுபடியானது. விவசாயிகள் சங்கத்துக்காரர்கள் மேல்முறையீடு செய்து பார்த்தார்கள். அங்கேயும் அதே மனு முன்னால் வந்து நின்றது. அடுத்த சம்பாவுக்கு நிலம் கைமாறிவிட்டது.

சின்னம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று பஸ்ஸை விட்டு இறங்கியபோதுகூட, "வெயில்ல நிக்காம வீட்டுக்குப் போ தம்பி" என்றுதான் சொன்னார். ஏசியிருந்தால் தேவலை என்று இப்போதும் நினைக்கிறேன்.

அடுத்த தையில் அறுவடை நடந்தது. அந்த ஆறு மாவிலேயே அவர் கூலிக்கு அறுத்தார். வேறு எங்கே போவார்? பொழுது சாயும் நேரத்தில் நான் பாலத்தில் நின்றுகொண்டிருந்தேன். களத்தில் நெல் குவிந்திருந்தது. பண்ணை ஆள் அளந்து போட, சின்னம்மா முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டு வரப்பில் இறங்கி நடந்தார். நான் எழுதியது எதிரே வந்துகொண்டிருந்தது. முந்தானை மட்டும்தான் அப்போது கிழியாமல் இருந்தது. எதிர்ப்பட்டால் என்ன பேசுவது என்று தெரியாமல் பாலத்துக்குக் கீழே இறங்கி ஒளிந்துகொண்டேன்.

அதை அடுத்து வந்த ஆடியில் தண்ணீர் வந்தது. வழக்கம்போல இறங்கி நின்றேன். ஈரக்காலோடு வந்து உட்கார்ந்ததும் முதலில் வந்து நின்றது 'களத்தில் குன்றென நெல் குவிந்து கிடக்க' என்ற வரிதான். அதைத் தாண்டி ஒன்றும் இல்லை. மறுநாளும் அதே வரி. ஐப்பசி மழையில் நாள் முழுக்க ஈரமாக உட்கார்ந்திருந்தும் அதே வரி. தண்ணீர் இல்லாமல் எழுதலாம் என்று கும்பகோணத்தில் ஒரு லாட்ஜில் பத்து நாள் அறை எடுத்துத் தங்கினேன். காலையில் தாராசுரம் கோயில்வரை நடப்பேன், திரும்பி வந்து தூங்குவேன். ஒரு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் மத்தியான மனுவைப் போல வறட்டுத்தனமாக இருந்தது. ஈரக்காலோடு எழுதினால் பொய், காய்ந்த காலோடு எழுதினால் பிணம். மூன்றாவது ஒன்று எனக்கு அமையவில்லை.

கூட்டுறவுச் சங்கத்தில் வேலை கிடைத்தது. கல்யாணம் ஆனது. ஆட்சிகள் வந்தன, போயின. பாலத்துச் சுவரில் வெள்ளை அடித்து அடித்து எழுதினார்கள். அம்மா போனாள். கதை எழுதுவதை விட்டேனே தவிர வாய்க்காலில் இறங்குவதை விடவில்லை; தண்ணீர் வராத மாதங்களில்தான் இப்போது வாளி. விடிந்ததும் போய் நிற்பேன், வந்து உட்காருவேன், காயும், எழுந்து ஆபீஸுக்குப் போவேன். எதற்கு என்று மனைவி கேட்பதைச் சீக்கிரமே நிறுத்திவிட்டாள்.

பல வருஷம் கழித்து, அதே மாதிரி ஒரு காலையில் ஏறி வந்தபோது, அதே கூடத்தில் சின்னம்மா உட்கார்ந்திருந்தார். முதுகு வளைந்திருந்தது. மகள்கள் இருவரும் பேராவூரணிப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தார்கள். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுத வேண்டும் என்றார். ஊரில் எழுதிக் கொடுக்க எத்தனையோ பையன்கள் இருந்தார்கள். ஏன் என்னிடம் வந்தார் என்று தெரியவில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு உட்காரப் போனேன். என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "தம்பி, கால நல்லா தொடச்சிட்டு உக்காருப்பா" என்றார்.

நின்றுவிட்டேன்.

"அன்னிக்கும் ஈரக்காலோடதான் உக்காந்த. ஏதோ அவசரம்னு நெனச்சேன். அவசரத்துல எழுதுனதுதான் அப்படி மாறிப்போச்சு. உன்னச் சொல்லிக் குத்தமில்ல. இன்னிக்கு எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, பொறுமையா எழுது."

ஆபீசர் மனசுக்காக மாற்றினேன் என்று அன்று நானே சொன்னதையும், தான் ஒரு மணி நேரம் காத்திருந்ததையும் விட்டுவிட்டு, இத்தனை வருஷமும் அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவசரமே இல்லை சின்னம்மா, என் ஆயுளில் அவ்வளவு பொறுமையாக, அவ்வளவு கவனமாக நான் வேறு எதையும் எழுதியதில்லை என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை. துண்டை எடுத்து இரண்டு காலையும் விரலிடுக்கு விடாமல் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பெயர், வயது, கணவர் இல்லை, வைத்துக் காப்பாற்ற ஆண் வாரிசு இல்லை. ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். கடைசி வரி, அந்த மனுவில் எல்லோரும் எழுதியாக வேண்டிய வரி: 'எனக்குச் சொந்தமாகவோ குத்தகையாகவோ நிலம் ஏதும் இல்லை.'

தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "இந்தத் தடவ உள்ளது உள்ளபடி எழுதிட்ட தம்பி" என்று சொல்லிவிட்டு, மை வைக்கக் கட்டை விரலை நீட்டினார்.